காஞ்ச மண்ணும் முக்கால் மூட்டை யூரியாவும்

"மண்ணு காஞ்சு கெடக்கு. இப்பவே யூரியா போட்டுரலாமா, மழை வரட்டும்னு இருக்கலாமா?"

மானாவாரி வெள்ளாமை நடக்கிற எந்த ஊர் டீக்கடையிலயும் புரட்டாசி மாசம் காதுல விழுற கேள்விதான் இது. கேட்க சின்னக் கேள்வி. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு யுத்தம் இருக்கு, மூணு நோபல் பரிசு இருக்கு, ஒரு திருக்குறள் இருக்கு, ஒரு கோவேறு கழுதையும் இருக்கு :) அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் விவசாயம் படிச்சவன் இல்லை. பழைய சங்கதிகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

யூரியாவுக்கு மண்ணுல என்ன ஆகுது?

யூரியா ஒண்ணும் புதுப் பொருள் இல்லை. ஆடு, மாடு, மனுஷன் மூத்திரத்துல இருக்கிறதுதான். 1828ல் பிரெடெரிக் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். இன்றைக்குக் கடையில வாங்குற யூரியால நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். ஆனா அதைப் பயிர் பெரும்பாலும் அப்படியே சாப்பிடாது. மண்ணுல இருக்கிற யூரியேஸ் என்ற நொதி முதல்ல அதை உடைச்சு அம்மோனியாவா மாத்தணும். அந்த அம்மோனியா ஈரத்துல கரைஞ்சு, அம்மோனியமா மாறி, களிமண் துகளைப் பிடிச்சுக்கணும். அப்புறம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கும். பயிர் எடுத்துக்கும்.

இந்த யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரிச்சு எடுத்தவர் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர். சின்ன வயசுல வேட்டைக்குப் போன இடத்துல ஒரு கையை இழந்தவர். ஒரு கையோட வேதியியல் செய்ய முடியாதுன்னு சொன்னவங்களைத் தாண்டி வந்து, நம்ம தம்பட்டங்காய்க்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு அவரை விதையில இருந்து 1926ல் அதைப் பிரித்தார். நொதின்னா அது ஒரு புரதம்தான்னு அவர் சொன்னப்போ பெரிய பெரிய ஆளுங்களே நம்பலை. 1946ல் நோபல் கொடுத்தாங்க.

இப்ப முக்கியமான இடம். இந்த நொதி வேலை செய்யத் தண்ணி வேணும். மண் சுத்தமா, புழுதியா காஞ்சு கிடந்தா யூரியா குருணை அப்படியே கிடக்கும். அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் போகாது.

அப்ப எப்பத்தான் போகுது? அரைகுறை ஈரத்துல! ராத்திரி பனி பெய்யுது, இல்லைன்னா ஒரு தூறல் போடுது. குருணை கரையும். நொதி வேலையை ஆரம்பிக்கும். குருணையைச் சுத்தி இருக்கிற மண்ணு காரத்தன்மைக்கு ஏறும். காலையில வெயில் அடிக்கும், காத்து வீசும். அம்மோனியாவைக் கீழே இழுத்துட்டுப் போற அளவுக்குத் தண்ணி இல்லை. அது மேலே போயிரும். கரிசல் மண்ணு மாதிரி ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணுன்னா இன்னும் மோசம். அதே சமயம் 12, 15 மில்லிமீட்டர் மழை ஒரே வீச்சுல பெய்ஞ்சா யூரியா கரைஞ்சு உள்ளே இறங்கிடும். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

ஆக, திருடன் காய்ச்சல் இல்லை, மேல் மண்ணுல நிக்கிற அரை ஈரம்தான். இதை மனசுல வச்சுக்குங்க. மிச்சக் கதை முழுக்க இதைச் சுத்தித்தான் வரும்.

வறண்ட இடத்துல கிடந்த புதையல்

உலகத்துக்கே ஒரு காலத்துல நைட்ரஜன் கொடுத்தது எது தெரியுமா? உலகத்துலயே ரொம்பக் காஞ்ச இடம். தென்னமெரிக்காவின் அடகாமா பாலைவனம்.

நைட்ரேட் உப்பு தண்ணியைக் கண்டா கரைஞ்சு ஓடிப்போற சாதி. மழை பெய்யுற ஊர்ல மண்ணுல தங்காது. அடகாமால மழையே கிட்டத்தட்ட இல்லாததால லட்சக்கணக்கான வருஷமா சேர்ந்து பாறை மாதிரி கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல அதை வெட்டி எடுத்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலா அனுப்பினாங்க. பாதி வயலுக்கு, பாதி வெடிமருந்துக்கு. நைட்ரேட் கம்பெனி மேல பொலிவியா ஒரு வரி போடப் போய், 1879ல் சிலிக்கும் பொலிவியா, பெரு ரெண்டுக்கும் யுத்தம் மூண்டது. முடிஞ்சப்போ பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லை. இன்னிக்கும் இல்லை. உரத்துக்காக ஒரு நாடு கடலை இழந்த கதை இது.

நம்ம நாட்டுலயும் இதோட சின்ன வடிவம் உண்டு. பீகார்ல வெயில் காலத்துல ஊரைச் சுத்தி இருக்கிற மண்ணு மேல வெள்ளையா உப்புப் பூக்கும். வெடியுப்பு. நுனியா என்ற சாதிக்காரங்க அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணியில கரைச்சுக் காய்ச்சி எடுப்பாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கி இங்கிலாந்துக்கு ஏத்திச்சு, துப்பாக்கி மருந்துக்கு. நம்ம மண்ணோட நைட்ரஜன் ஐரோப்பாக்காரன் பீரங்கியில வெடிச்சது.

வள்ளுவரும் ஒரு கென்யா ஆய்வும்

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்" என்ற பழமொழி நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். திருக்குறள் உழவு அதிகாரத்துலயும் இதே கருத்து வருது. ஒரு பலம் புழுதி கால் பலமாகிற அளவுக்கு உழுது காயவிட்டா, ஒரு பிடி எருகூட இல்லாமலே பயிர் நல்லா வரும்னு வள்ளுவர் சொல்றார். ரொம்ப நாள் எனக்கு இது புரியலை. காயவிட்டா சத்து எப்படி வரும்?

1958ல் பிர்ச் என்ற விஞ்ஞானி, கென்யாவில் முகுகா என்ற இடத்துல செய்த ஆய்வை வெளியிட்டார். மண்ணை நல்லாக் காயவிட்டு, பிறகு நனைச்சா, உடனே நுண்ணுயிர்கள் வெறிகொண்டு வேலை செய்யுது. மட்கு வேகமாகச் சிதைஞ்சு நைட்ரஜன் குபுக்குன்னு வெளிவருது. எவ்வளவு நல்லாக் காயுதோ அவ்வளவு அதிகம். காய்ச்சல்ல செத்த நுண்ணுயிர்களோட உடம்பும், மண்கட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்த மட்கும், தப்பிப் பிழைச்சதுக்குச் சாப்பாடு ஆகுது. இதுக்கு 'பிர்ச் விளைவு'ன்னே பேர். முதல் மழையோடயே விதைச்சா ஏன் நல்லா வருதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். தாமதிச்சா அந்த நைட்ரேட்டை அடுத்தடுத்த மழை கீழே கொண்டுபோயிரும்.

வள்ளுவர் இதைத் தெரிஞ்சுதான் எழுதினார்னு நான் சொல்ல மாட்டேன். 'அப்பவே எல்லாம் நம்மகிட்ட இருந்துச்சு' பதிவு இல்லை இது :) ஆனா வருஷா வருஷம் வயலைப் பார்த்தவன் கண்டுபிடிச்ச விஷயம்னு சொல்லலாம். அதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பிர்ச் விளைவுல வர்ற நைட்ரஜன் புதுசு இல்லை, மண்ணோட சேமிப்புல இருந்து எடுக்கிறது. திருப்பிப் போடாம எடுத்துக்கிட்டே இருந்தா ஒருநாள் பெட்டி காலி. அடுத்த குறள்லயே உழுறதைவிட எருப்போடுறது நல்லதுன்னு வள்ளுவர் சொல்லிடறார் பாருங்க, அங்கதான் மனுஷன் நிக்கிறார்.

கரிசக்காட்டுல அந்தச் சேமிப்பைத் திருப்பிப் போட்டது ஆட்டுக்கிடை. கோடையில காஞ்ச நிலத்துல ராத்திரி ராத்திரியா இடம் மாத்திக் கிடை போடுவாங்க. புழுக்கையோட மூத்திரமும் சேரும், அதாவது வோலர் செஞ்ச அதே யூரியா. கிடையில மூக்கைத் துளைக்கிற நெடி வருமே, அது தப்பிச்சுப் போற அம்மோனியா. அதனாலதான் கிடை எழுந்ததும் லேசா ஒரு உழவு போட்டு மூடணும்னு சொல்லுவாங்க. பிரச்சினையும் தீர்வும் ரெண்டும் அந்தக் கிடையிலேயே இருக்கு. மேலே கிடந்தா போயிரும், மூடினா நிக்கும்.

காத்துல இருந்து உரம்

அடகாமா ஒருநாள் தீர்ந்துரும்னு 1898ல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரிஸ்டல் நகரத்துல பேசினார். காத்துல இருக்கிற நைட்ரஜனை உரமாக்கலைன்னா கோதுமை தின்கிற உலகம் பட்டினி கிடக்கும்னார். 1909ல் பிரிட்ஸ் ஹேபர் அதைச் செஞ்சு காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். 1913ல் ஜெர்மனியில ஓப்பாவ் ஆலை ஓட ஆரம்பிச்சது. 1918க்கான நோபல் ஹேபருக்கு, 1931ல் போஷுக்கு. அடகாமாவுல இருந்த நைட்ரேட் ஊர்கள் ஒவ்வொண்ணா காலியாச்சு. ஹம்பர்ஸ்டோன் என்ற அப்படிப்பட்ட ஒரு பேய் ஊரை 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னமா யுனெஸ்கோ அறிவிச்சது.

இனி நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. அதை மண்ணுல நிக்க வைக்கிறதுதான் பாடு.

இங்கதான் கோவேறு கழுதை வருது. 1930ல் அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்து ஸ்டோன்வில் ஆராய்ச்சிப் பண்ணையில ஒரு கலப்பையில அம்மோனியா சிலிண்டரைக் கட்டி, கோவேறு கழுதையை விட்டு இழுக்க வச்சாங்க. அம்மோனியாவை உப்பாகவோ யூரியாவாகவோ மாத்தாம, நேரடியா மண்ணுக்குள்ள விட்டா என்னன்னு பார்த்தாங்க. இரண்டாம் உலக யுத்தம் முடிஞ்சதும், வெடிமருந்துக்காகக் கட்டின அம்மோனியா ஆலைகள் உரத்துக்குத் திரும்ப, இந்த முறை நாடு முழுக்கப் பரவிச்சு. அம்மோனியால நூற்றுக்கு 82 பங்கு நைட்ரஜன். ஆனா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிற சரக்கு. கண்ணுல பட்டா கண்ணு போச்சு.

இப்படிப்பட்ட வாயுவைக் காஞ்ச மண்ணுல விட்டா நிக்குமா? அங்கத்த விவசாயிகளும் இதையேதான் கேட்டாங்க. பதில் ஆச்சரியமானது. காஞ்ச மண்ணுலயும் கொஞ்சம் ஈரம் இருக்கும், களிமண் துகளும் மட்கும் அம்மோனியாவைப் பிடிச்சுக்கும். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துல விட்டு, கீறின இடம் சரியா மூடிக்கிட்டா பெரும்பகுதி நிக்கும். காஞ்ச மண்ணுல வர்ற உண்மையான ஆபத்து கட்டி. பெரிய பெரிய கட்டியா உடைஞ்சா கீறல் மூடாது. வெள்ளைப் புகையா மேலே வந்துரும். வண்டி போன பிறகு நெடி அடிச்சா காசு பறக்குதுன்னு அர்த்தம். நம்ம கிடைக்காரர் மூக்குக்குத் தெரிஞ்ச அதே பாடம்.

2012ல் அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதியில கடுமையான வறட்சி. உரம் போட்டாச்சு, பயிர் வளரலை. எடுத்துக்க ஆள் இல்லாத நைட்ரேட் மண்ணுலயே கிடந்தது. 2013 வசந்த காலத்துல மழை கொட்டிச்சு. அயோவா மாநிலத்து டெமோயின் நகரம் குடிதண்ணி எடுக்கிற ரெண்டு ஆத்துலயும் நைட்ரேட் அதுவரைக்கும் இல்லாத அளவுக்கு ஏறிச்சு. நைட்ரேட்டைப் பிரிக்கிற எந்திரத்தை ஓட்டினதோட, புல்தரைக்குத் தண்ணி ஊத்துறதைக் குறைங்கன்னு ஊர் ஜனங்களைக் கேட்டுக்கிட்டாங்க. காஞ்ச மண்ணு உரத்தைத் தின்னலை, கடன் மாதிரி வச்சிருந்து அடுத்த மழையில ஆத்துக்குக் கொடுத்துச்சு.

சரி, டிராக்டரும் சிலிண்டரும் உள்ளவன் ஆழத்துல விடுவான். இல்லாதவன்? சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே நைஜர், மாலி, புர்கினா பாசோ நாடுகள்ல மணல் நிலத்துல கம்பு போடுற ஏழை விவசாயிகளுக்கு ஹைதராபாத் பக்கத்துல இருக்கிற இக்ரிசாட் நிறுவனம் சொல்லிக்கொடுத்த வழி ரொம்ப எளிசு. வயல் முழுக்க வீசாதீங்க. சோடா பாட்டில் மூடி ஒண்ணு எடுங்க. விதைக்குழிக்கு ஒரு மூடி, சுமார் 6 கிராம் உரம். அவ்வளவுதான். கொஞ்சம் உரம், சரியான இடம். வேர் சீக்கிரமே ஆழமா இறங்கி வறட்சியைத் தாங்கும்.

கோவில்பட்டிக்கு வருவோம்

நம்ம நாட்டுல காஞ்ச நிலத்து ஆராய்ச்சி புதுசு இல்லை. 1930கள்ல சோலாப்பூர், பீஜப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், அப்போ சென்னை மாகாணத்துல இருந்த ஹகரி ஆகிய அஞ்சு இடத்துல நிலையங்கள் வந்தது. வரப்பு போடு, ஆழ உழு, தொழு உரம் போடு, இடைவெளி விட்டு விதைன்னு சொன்னாங்க. எல்லாம் சரிதான், ஆனா விளைச்சல் கூடினது கொஞ்சம்தான். 1960கள்ல பசுமைப் புரட்சி வந்தப்போ உரம், விதை, கடன் எல்லாம் தண்ணி இருந்த நிலத்துக்கே ஓடிச்சு. 1970ல்தான் மானாவாரிக்குன்னு அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் வந்தது. 1901லயே தொடங்கின கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் அதுல ஒரு மையம் ஆச்சு.

கரிசல்ல ஒரு விசேஷம் உண்டு. மழை வந்து மண்ணு நனைஞ்சா ஏர் இறங்காது, சேறு ஒட்டும். அதனால வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே, காஞ்ச மண்ணுலயே சோளம், பருத்தி விதைச்சிடறது நல்லதுன்னு கோவில்பட்டியில சொன்னாங்க. முன்பருவ விதைப்பு. விதையே காஞ்ச மண்ணுல போறப்போ அடியுரமும் காஞ்ச மண்ணுலதானே போகணும்? அதனால உரத்தை விதைக்குப் பக்கத்துல, கொஞ்சம் ஆழத்துல, சாலுக்குள்ள போட்டு மூடு. தூறலுக்கு அது கரையக் கூடாது, விதையை முளைக்க வைக்கிற நல்ல மழைக்குத்தான் கரையணும். விதையோட ஒட்டியும் போடாதே, முளை கருகிடும். மிச்சத்தை மேலுரமா, ஈரம் இருக்கிறப்போ மட்டும் போடு. மழை ஏமாத்திருச்சுன்னா மண்ணை விட்டுடு, 2 சதவீதக் கரைசலா இலைமேல தெளி.

அளவும் பாருங்க. இறவைச் சோளத்துக்கு எக்டேருக்கு 90 கிலோ நைட்ரஜன் சிபாரிசு. மானாவாரிச் சோளத்துக்கு 40 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா சுமார் 35 கிலோ யூரியா. இப்ப வர்ற 45 கிலோ மூட்டையில முக்கால் மூட்டை. தலைப்புக்கு வந்தாச்சு :)

எங்க பெரியப்பா ஒருத்தர், கரிசக்காட்டு சம்சாரி. ஒரு ஐப்பசி மாசம் மேகம் கறுத்துக் கிடக்கு, பக்கத்துக் காட்டுல எல்லாம் உரம் வீசுறாங்க, இவர் மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

"ஏன் பெரியப்பா, இன்னும் போடலை?"

"மேகத்துக்கா எய்யா உரம் போடுறோம்? மம்பட்டியை எடுத்து வெட்டிப் பாரு. மேல நாலு விரல்தான் ஈரம். இதுல வீசுனா வெயிலுக்குத்தான் போவும்."

"மழை வராமலே போயிட்டா?"

"மூட்டை மிஞ்சும்லா. காட்டுல வீசுனா அதுவும் மிஞ்சாது."

யூரியேஸ், சம்னர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனா கடைசி வார்த்தையில ஒரு முழு வாழ்க்கைக் கணக்கு இருக்கு. தண்ணி உள்ளவனுக்கு உரம் செலவு. மானாவாரிக்காரனுக்கு உரம் பந்தயம். மழை எப்பன்னு தெரியாம, கடன் வாங்கின காசை மண்ணுல வைக்கிறான்.

விலைக்குத் தெரியாத விஷயம்

நம்ம உரக் கொள்கைக்கு இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியலைங்கிறதுதான் என் ஆதங்கம். 1992ல் சாம்பல், மணிச்சத்து உரங்களோட விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, யூரியாவுக்கு மட்டும் வச்சுக்கிட்டாங்க. 2010ல் சத்து அடிப்படையில மானியம்னு வந்தப்பவும் யூரியா வெளியிலேயே நின்னுச்சு. 2015ல் உள்நாட்டு யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வரணும்னாங்க. நல்ல விஷயம். ஆனா வேம்போட முக்கிய வேலை அம்மோனியம் நைட்ரேட்டா மாறுறதைத் தாமதப்படுத்துறது. மேல் மண்ணுல இருந்து அம்மோனியா பறக்கிறதை அது பெரிசாத் தடுக்காது. 2018ல் மூட்டை 50 கிலோவுல இருந்து 45 கிலோவா குறைஞ்சது, விலை 242 ரூபாய், பூச்சும் வரியும் தனி. மூட்டை கணக்குல மானியம் கொடுத்தா, அதிக மூட்டை போட முடிஞ்சவனுக்கு அதிகம் போகும். யாருக்கு முடியும்? வாய்க்கால், மோட்டார் உள்ளவனுக்கு.

இந்தியாவுல பயிர் பண்ற நிலத்துல ஏறக்குறைய பாதி மழையை நம்பித்தான் இருக்கு. அங்க தேவை இன்னொரு மூட்டை இல்லை. உரத்தை ஆழத்துல இறக்குற விதைப்பான் வாடகைக்குக் கிடைக்கணும். நம்பகமான மழைச் செய்தி வேணும். கிடை போட ஆடு வேணும், அந்த ஆடு மேய இடம் வேணும். இதுக்கெல்லாம் மூட்டை மானியத்துல ஒரு சின்னப் பங்கு போதும்னு எனக்குத் தோணுது.

சரி, டீக்கடைக் கேள்விக்கு வருவோம். காஞ்ச மண்ணுல யூரியா போடலாமா? மூடிப் போடுறதா இருந்தா போடலாம். மேலே வீசுறதா இருந்தா, நல்ல மழை பெய்ற வரைக்கும் மூட்டை வீட்டுலயே இருக்கட்டும். பனிக்கும் தூறலுக்கும் நம்பி வீசாதீங்க.

உங்க ஊர் மானாவாரியில மேலுரம் எப்ப, எப்படிப் போடுவாங்க? ஈரம் பார்க்க என்ன கணக்கு வச்சிருந்தாங்க... விரலா, சாணா, மம்பட்டி வெட்டா? விவரம் தெரிஞ்ச பெரியவங்க வீட்டுல இருந்தா கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க. மண்ணுல படிஞ்ச நைட்ரஜனைவிட வேகமா ஆவியாகிற சங்கதிகள் அதெல்லாம்.